காப்பிச் சக்கையும் நான்கு விரலும்

எங்கள் கடைக்குக் காப்பித் தூள் வாங்க வருகிறவர்களுக்கு வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று சொல்லும். "ப்யூர் அரை கிலோ" என்று வாய் நாலு பேர் காதில் விழும்படி கேட்கும். அதே சமயம் கை மெதுவாக மேசைமேல் வந்து இரண்டு விரலையோ மூன்று விரலையோ நீட்டும். இரண்டு விரல் என்றால் நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி. மூன்று என்றால் முப்பது. நான்கு விரலுக்கு மேல் இதுவரை யாரும் நீட்டியதில்லை. கட்டைவிரலுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

பவானிபூரில் என் மாமனார் கடை போட்ட காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது. கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் ஒருவர் வீட்டுக் காப்பியை இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து குறை சொல்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்களாம். சிக்கரி போடுகிற வீடு என்று பெயர் வாங்க ஒருவருக்கும் மனமில்லை. வாய் கூட்டத்துக்கு, விரல் மிஷினுக்கு என்பார் மாமனார். அரைக்கிறவர் விரலைப் பார்க்க வேண்டும், பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது. அந்தக் கடையை இன்றும் என் கணவர் நடத்துகிறார். நியூ டவுனில், ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தின் தரைத்தளத்தில், பின் கேட்டை ஒட்டி நான் இன்னொரு கடை வைத்திருக்கிறேன். அரிசி, அப்பளம், இட்லி மாவு, காப்பித் தூள் எல்லாம் உண்டு. வளாகத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் என்னிடம்தான் வாங்குகின்றன. ஆகவே அத்தனை பேர் விரலும் எனக்குத் தெரியும்.

சிக்கரி போடுவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. நானே இருபது போட்டுத்தான் குடிக்கிறேன். டிகாஷன் கெட்டியாக இறங்கும், பால் விட்டாலும் நிறம் நிற்கும். போட்டுக் குடித்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் காலையும் மாலையும் மறைப்பார்கள். அந்த வளாகத்தில் விரல் நீட்டாமல் நிஜமாகவே ப்யூர் வாங்குகிறவர் ஒருவர்தான். அவர் தமிழரே இல்லை. கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற ஒரு வங்காளி அம்மாள். பாலில்லாமல், சர்க்கரையில்லாமல் கறுப்பாகக் குடிப்பார். எல்லோரும் அவரை மாஷிமா, அதாவது சித்தி என்று கூப்பிடுவோம். ப்யூர் குடிப்பதைப் பற்றி அவர் ஒருநாளும் பெருமை பேசிக் கேட்டதில்லை.

பெருமைக்கென்றே ஒருவர் இருந்தார். மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. இரண்டு வருடம் ஆன்சைட்டில் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே காப்பிக் கடைகளில் மிஞ்சுகிற சக்கையை அழுத்திக் கட்டியாக்கி, குளிருக்கு அடுப்பில் போட்டு எரிக்கிறார்களாம். அதை எங்கேயோ ஒரு கடை அலமாரியில் பார்த்திருக்கிறார். மனிதர் திரும்பி வந்ததிலிருந்து அந்தக் கட்டி அவர் மண்டையை விட்டு இறங்கவில்லை. வளாகத்துச் சங்கத்தில் பசுமைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தானே தலைவராகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்பங்களை எல்லாம் கூட்டி, சுவரில் படம் காட்டிப் பேசினார். தமிழர்களாகிய நாம் இந்த ஊருக்கு என்ன கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டும் என்றார். நானும் யோசித்தேன். காப்பிச் சக்கை கொடுக்கப் போகிறோம் என்பது பத்தாவது படத்தில்தான் தெரிந்தது.

சக்கையை என்ன செய்வது என்று அதுவரை ஒருவரும் தவித்ததாக எனக்குத் தெரியவில்லை. நம் பெண்கள் அதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டுவார்கள். பக்கத்து வீட்டு வங்காளிகள் கொதித்த தேயிலையை ரோஜாச் செடிக்குப் போடுவார்கள். அதற்குக் குழுவும் கிடையாது, தலைவரும் கிடையாது. ஆனால் ஒரு காரியத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டால் எங்கள் வளாகத்தில் அதை மறுத்துப் பேச ஆளிருக்காது. கையால் திருகுகிற ஒரு இரும்பு அச்சு வந்தது. அதை மொட்டை மாடியில் வைத்தார்கள். திருகும் வேலை மட்டும் குழுவில் யாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் காவலாளிகள் தலையில் கட்டினார்கள்.

முதல் தடவை நன்றாகத்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அது சித்திரை வெயில். சக்கையும் ஒரு பெரிய காப்பிக் கடையிலிருந்து மூட்டையாக வந்தது, கலப்பில்லாத காப்பி. நன்றாகக் காய வைத்து, கஞ்சி விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, மறுபடியும் காய வைத்தார்கள். உருண்டையாக, கறுப்பாக, கையில் எடுத்தால் கெட்டியாக இருந்தது. பற்ற வைத்தபோது சிறிது புகைந்து அடங்கி, பிறகு தணல் நின்றது. தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையோடு கூட அவர் அவ்வளவு படம் எடுத்திருக்க மாட்டார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். கடைச் சக்கையில் தமிழர் பங்கு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இனி வீட்டுச் சக்கைதான் என்றார். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டி வைத்தார். சிக்கரி கலந்த சக்கை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயாது, ஆகவே ப்யூர் காப்பி குடிக்கிற வீடுகள் மட்டும் பெட்டியில் போடவும் என்று பெட்டிமேல் எழுதி ஒட்டினார்.

இந்தியாவில் வேறு எந்த ஊர்க்காரர்களிடமும் இந்தத் தவறு நடந்திருக்காது. ப்யூர் வீடுகள் மட்டும் என்று எழுதினால் எங்கள் ஆட்களில் யார் போடாமல் இருப்பார்கள்? பெட்டியில் போடாத வீடு சிக்கரி வீடு என்று ஆகிவிடாதா? காலை எட்டு மணிக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் பெரிய வரிசையே நிற்கும். இரண்டு விரல்காரர் மூன்று விரல்காரருக்கு வணக்கம் சொல்லி, இருவரும் பெட்டியில் கவிழ்ப்பார்கள். இன்ஸ்டன்ட் காப்பி கரைத்துக் குடிக்கிற ஒரு குடும்பம் இருந்தது. இன்ஸ்டன்டில் சக்கையே கிடையாது. அந்த வீட்டம்மாள் என்னிடம் வந்து ஃபில்டரும் தூளும் வாங்கிப் போனார். டிகாஷன் இறக்கி, டிகாஷனைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் பெட்டியில் போட்டார் என்று பின்னால் தெரிந்தது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் இஸ்திரிக்காரர். பின் கேட்டுக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே ஒரு சந்து. அதில் தகரக் கூரை போட்டு அவரும் மனைவியும் தொழில் செய்துவந்தார்கள். பீகார்க்காரர்கள். கட்டடம் எழும்பும்போதே கொத்தனார்கள் துணியைத் தேய்க்க வந்து அப்படியே நின்றுவிட்டவர்கள். மனைவி மாடி மாடியாக ஏறி மூட்டை வாங்கி வருவார், அவர் கரிப் பெட்டியால் தேய்ப்பார். அந்தச் சந்து போனால் அவர்களுக்கு வாடிக்கை போயிற்று, வாடிக்கை போனால் மகளைப் பக்கத்துப் பள்ளியில் படிக்க வைப்பதும் போயிற்று. இதை அவர் யாரிடமும் புலம்பியதில்லை. அவர் மனைவி என் கடை வாசலில் மூட்டையை இறக்கி மூச்சு வாங்கும்போது ஒன்றிரண்டு வார்த்தையாகச் சொன்னது.

கட்டியைச் செய்தாகிவிட்டது, எரிக்க ஆள் வேண்டுமே. எல்லார் வீட்டிலும் கேஸ். இருபதாவது மாடியில் எவர் கரியடுப்பு மூட்டுவார்? குழு சுற்றிப் பார்த்தது. இஸ்திரிக்காரர் கண்ணில் பட்டார். கரிப் புகை வளாகத்தின் பசுமையைக் கெடுக்கிறது, இனிமேல் அவர் காப்பிக் கட்டியைத்தான் போட வேண்டும், மாட்டேன் என்றால் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்று தீர்மானம் போட்டார்கள். மின்சாரப் பெட்டி வைத்துக்கொள்கிறேன், ஒரு இணைப்பு கொடுங்கள் என்று அவர் கேட்டார். வெளியாளுக்கு இணைப்பு தர விதியில் இடமில்லையாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். கட்டிகளை இலவசமாகத் தருகிறோம் என்பதைத் தலைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவே பெரிய தருமமாம்.

வீட்டுச் சக்கையை மொட்டை மாடியில் காயப் போட்டது ஆவணி, புரட்டாசியில். அந்த மாதங்களில் கல்கத்தாவில் அப்பளமே காயாது. வெயில் அடிக்கும், உடனே மழை பெய்யும், இரண்டும் இல்லாத நேரத்தில் காற்றே ஈரமாக நிற்கும். சிக்கரிச் சக்கை அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தது. கட்டிகள்மேல் வெள்ளையாகப் பூத்தது. அது பூஞ்சணம் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். கஞ்சி வெளியே வந்து பதமாகிறது என்று தலைவர் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினார். அதற்கு முப்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

பூஜை வந்தது. எங்கள் வளாகத்துக்குள்ளேயே பந்தல் போட்டு துர்கா பூஜை நடக்கும். அஷ்டமி காலையில் அஞ்சலிக்கு எல்லாப் பெண்களும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டுவார்கள், நம் பெண்களும்தான். அத்தனையும் இஸ்திரிக்கு வரும். சப்தமியன்று பகல் முழுக்க அந்தச் சந்திலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. கரிப் புகை இல்லை, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். கட்டி வெளியே கருகி உள்ளே ஈரமாக நின்று சீறியது. பெட்டி சூடே ஏறவில்லை. சூடேற வேண்டும் என்று அவர் இன்னும் நாலு கட்டியைப் போட்டு ஊதினார். பெட்டியின் பக்கத்து ஓட்டை வழியாகப் பழுப்பாக ஒரு சாறு வழிந்து, விரித்திருந்த புடவையில் கோடாக இறங்கிவிட்டது. அது மாஷிமாவின் புடவை. அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பூஜைக்கு வாங்கியது என்று கேள்வி.

மாஷிமா மறுநாள் வேறு புடவை கட்டிக்கொண்டு அஞ்சலிக்கு வந்தார். பேசியதெல்லாம் தலைவர்தான். இஸ்திரிக்காரர் வேண்டுமென்றே கட்டியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், திருட்டுத்தனமாக நிலக்கரி கலந்திருக்கிறார், இந்தத் திட்டம் தோற்க வேண்டும் என்று செய்திருக்கிறார் என்று பந்தலில் நின்றே அடுக்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே காலி செய்யச் சொன்னார்கள். பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதில் முடிவு, அடுத்த பௌர்ணமிக்கு வரும் லக்ஷ்மி பூஜைக்குள் தகரத்தைப் பிரித்தாக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

தசமி முடிந்த மறுநாள் இஸ்திரிக்காரரின் மனைவி இரண்டு கட்டிகளைக் கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். நாங்கள் தண்ணீர் ஊற்றவில்லை அக்கா என்று மட்டும் சொன்னார். ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். பிட முடியவில்லை, இழுபட்டது. உள்ளே பளபளவென்று பிசினாக இருந்தது. காப்பித் தூளில் இருபது வருடமாகக் கையை விட்டுக்கொண்டிருப்பவள் நான். இதற்குப் பரிசோதனைக் கூடம் எதற்கு? அது கட்டியே இல்லை, எங்கள் ஆட்களின் விரல்கள் எல்லாம் சேர்ந்த உருண்டை.

அன்று மாலை தலைவரின் மனைவி தூள் வாங்க வந்தாள். அமைதியான பெண். அவள் விரல் நான்கு. வளாகத்தில் நான்கு விரல் அவள் ஒருத்திதான். கடையில் வேறு யாரும் இல்லை. மேசையில் கிடந்த கட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சிக்கரிதானே அக்கா?" என்றாள்.

"வேற என்ன?"

"அவருக்குத் தெரியாதுக்கா. நம்ம வீட்டுல ப்யூர்னுதான் நெனச்சிட்டிருக்காரு. கல்யாணமான புதுசுல ஒரு வாரம் ப்யூர் போட்டுக் குடுத்தேன். தண்ணியா இருக்குன்னு தள்ளி வச்சிட்டாரு."

நான் அரைத்துக் கொடுத்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. தன் சட்டையைத் தேய்க்கிற ஆளையே அவர் போகச் சொல்கிறாரே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்பதே உண்மை. தினமும் நான்கு விரல் நீட்டுகிற கைக்கு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா என்று நினைத்தேன்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில், ஞாயிறு காலை. விஜயதசமிக்குப் பிறகு முதலில் பார்க்கிறவர்கள் கட்டித் தழுவி இனிப்பு கொடுத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். எல்லோரும் தழுவிக்கொண்டு சந்தேஷ் தின்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தைத் துரத்துகிற விஷயத்துக்கு வந்தார்கள். இஸ்திரிக்காரரும் மனைவியும் கதவோரம் நின்றிருந்தார்கள். நாற்காலி நிறைய காலியாகக் கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

தலைவர் பேசினார். இந்தத் திட்டத்தில் ஒரே கோளாறு மனிதக் கோளாறு என்றார். அவர் உட்காரும் வரை பொறுத்திருந்து நான் எழுந்தேன். கட்டியை மேசைமேல் வைத்து, இதில் சிக்கரி இருக்கிறது, அதனால்தான் காயவில்லை, தேய்த்தவர்மேல் தப்பில்லை என்றேன். தமிழர்கள் அத்தனை பேரும் கையை மடியிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் விரல்கூட மேசைமேல் இல்லை.

"எந்த வீடுன்னு சொல்லுங்க மேடம்," என்றார் தலைவர்.

"அதைச் சொல்ல மாட்டேன் சார். அது தொழில் தர்மம். ஆனா ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி போதும், தானாத் தெரிஞ்சிடும்."

அந்தச் சோதனை தெரியாத காப்பிக்காரர் கிடையாது. பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினால் காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டு அடிக்குப் போகும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி தூள் கொண்டு வாருங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்கு அவசரமாக ஃபோன் வந்தது. இன்னொருவர் சந்தேஷ் தட்டை எண்ண ஆரம்பித்தார். இன்ஸ்டன்ட் வீட்டம்மாள் விட்டத்தைப் பார்த்தார்.

தலைவர் சிரித்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய்யர் இல்லை, வெறும் அசடு. எங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, மனைவியைப் போய்த் தூள் டப்பாவை எடுத்து வரச் சொன்னார். அவள் எழுந்து போனாள். லிஃப்டுக்குப் போகிற வழியில்தான் என் கடை. கதவு திறந்திருந்தது. ப்யூர் டின் முன்வரிசையிலேயே இருக்கும், அது அவளுக்குத் தெரியும். ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு வந்திருந்தால் உலகத்தில் எவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்கும், நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் சமையலறை டப்பாவையே கொண்டு வந்தாள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில், கடையிலிருந்து கொண்டு வந்திருந்த, மாஷிமாவுக்கு அரைக்கிற தூளைத் தூவினேன். அது மேலேயே மிதந்தது. மற்றதில் டப்பாவிலிருந்து தூவினேன். தூவி முடிக்கவில்லை, பழுப்புக் கோடுகள் சரசரவென்று இறங்கின. கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்கப் பழுப்பானது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தலைவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவ்வளவு பேர் முன்னால், இந்தக் கடையில் கலப்படம் நடக்கிறது என்றார். ப்யூர் என்று வாங்கினோம், சிக்கரியைக் கலந்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார். உடனே கூடத்துக்கு உயிர் வந்தது. முதுகுக்குப் பின்னால் போன கைகள் எல்லாம் முன்னால் வந்தன. ஆமாம் எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது என்றார் ஒரு மூன்று விரல். நாமெல்லாம் ஏமாந்துவிட்டோம் என்றார் ஒரு இரண்டு விரல். எங்கள் கடையையும் தகரக் கொட்டகையோடு சேர்த்துக் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒரு குரல் வந்தது. பவானிபூரில் என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள் காப்பாற்றிக் கொடுத்த மானம் இவர்களுடையது. அதை வைத்துக்கொண்டே என் கழுத்தைப் பிடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பு வந்தது. இவர்களுக்காகவா இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். ஒவ்வொருவரையும் பார்த்து அவரவர் விரலைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் தலைவரின் மனைவி மேசைக்கு வந்தாள். வலது கையை மேசைமேல் வைத்து நான்கு விரலையும் விரித்தாள். கடையில் செய்கிற மாதிரி ஒதுக்குப்புறமாக இல்லை, நடு மேசையில், டம்ளருக்குப் பக்கத்தில். அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு தமிழருக்கும் அது என்ன என்று தெரியும். விளக்கம் தேவைப்பட்டவர் அவள் கணவர் ஒருவர்தான்.

"அக்கா கலக்கல. நான் கேட்டு வாங்குறது. நாப்பது," என்றாள் அவரிடம். "உங்க அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த அளவு."

அதற்குமேல் ஒருவரும் கலப்படம் என்று பேசவில்லை. தாங்களும் அப்படித்தான் என்று எழுந்து சொல்லவும் இல்லை. அவளை மட்டும் நடுவில் நிற்கவிட்டுவிட்டு எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு இரண்டு டம்ளரையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, கதவோரம் நின்ற மனிதரைக் காட்டி, "தாஹோலே ஓர் தோஷ்டா கீ?" என்றார். அப்படியென்றால் அவன் செய்த தப்புதான் என்ன என்று அர்த்தம். புடவை என்னுடையது, நானே கேட்கிறேன் என்றும் சொன்னார். தீர்மானம் எழுதிக்கொண்டு வந்த தாள் தலைவர் கையிலேயே மடிந்து போயிற்று. தகரக் கொட்டகை இருக்கலாம், கரியே போட்டுக்கொள்ளலாம் என்று சங்கச் செயலாளர் முனகினார். இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மிச்சமிருந்த சந்தேஷைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

பச்சைப் பெட்டிகள் சத்தமில்லாமல் காணாமல் போயின. மறுநாளிலிருந்து அதே ஆட்கள் என் கடைக்கு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வாயால் ப்யூர் என்று சொல்லிக் கையால் விரலை நீட்டினார்கள். வேறு கடைக்குப் போகலாம் என்றால் பவானிபூர் வரை போக வேண்டும், அங்கே இருப்பது என் கணவர். நான் மேசைமேல் ஒரு பலகை வைத்தேன். சிக்கரி எவ்வளவு என்று வாயால் சொல்லவும், விரலுக்கு அரைக்கப்பட மாட்டாது என்று எழுதினேன். மாமனார் இருந்தால் வருத்தப்பட்டிருப்பார். என் கணவரும் வருத்தப்பட்டார். நான் பலகையை எடுக்கவில்லை. முதலில் வந்து சத்தமாக நாற்பது என்று சொன்னவள் தலைவரின் மனைவிதான். கூடவே இன்னொரு பொட்டலமும் கேட்டாள், ப்யூர். வீட்டில் இப்போது இரண்டு ஃபில்டர், அவருக்கு அவர் சொன்னபடி சுத்தமான காப்பி, எனக்கு என் காப்பி என்றாள். சொல்லும்போது சிரித்தாளா என்று கவனிக்கவில்லை, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் தன் துணிகளைப் பின் கேட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். வெட்கமா, வீம்பா தெரியாது. தானே மின்சாரப் பெட்டியால் தேய்த்துக்கொண்டு ஆபீஸ் போனார். சட்டைக் கையில் இரண்டு மடிப்புக் கோடு, காலரில் ஒரு சுருக்கம். பசுமையைக் காப்பாற்றப் புறப்பட்டவரால் ஒரு சட்டையைக் காப்பாற்ற முடியவில்லை.

குளிர் ஆரம்பித்த சமயம், ஒரு காலை நேரம், அவரே கடைக்கு வந்தார். அதுவரை அவர் என் கடைப் படி ஏறியதில்லை. உள்ளே வேறு யாருமில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். ப்யூர் அரை கிலோ என்றார். சொல்லிவிட்டு நான்கு விரலை மேசைமேல் வைத்தார். மனைவியின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நான் பலகையைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டும் விரலை எடுக்கவில்லை.

"வாயால சொல்லுங்க சார்."

வெளியே இஸ்திரிக்காரர் கரியை ஊதிக்கொண்டிருந்தார். தலைவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நாப்பது," என்றார்.

அரைத்துக் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகவில்லை. அப்போதுதான் அவர் இடது கையில் ஒரு துணிப் பை இருந்ததைப் பார்த்தேன். அதில் சட்டைகள். இஸ்திரிக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டார்.

"பக்கத்துலதான் சார் இருக்காரு," என்றேன். "அதையும் நீங்களே வாயால சொல்லுங்க."

போனார். தகரத்துக்கு வெளியிலேயே நின்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இஸ்திரிக்காரர் நிமிரவில்லை. மாஷிமாவின் புடவை ஒன்றை நீவிக்கொண்டே, மூட்டைகள் வரிசையாகக் கிடந்த பலகையைக் கையால் காட்டினார். தலைவர் தன் பையைக் கடைசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.